பின்பக்கம் ஸ்பைரல் படி போட்டா ஃபயர் எக்ஸிட் ஆயிடுமா? வளசரவாக்கம், கிரவுண்ட் பிளஸ் 3 கமர்ஷியல் பில்டிங்

ஆற்காடுரோடு_ராஜி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா தான் எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க ப்ளீஸ்.

வளசரவாக்கத்துல மெயின் ரோட்டை ஒட்டி எங்க அப்பா கட்டின கமர்ஷியல் பில்டிங் இருக்கு. கிரவுண்ட் பிளஸ் மூணு மாடி, ஒரு மாடி சுமார் 2400 சதுர அடி, மொட்டை மாடி வரைக்கும் 47 அடி உயரம். கீழ துணிக்கடை, முதல் மாடி ஆடிட்டர் ஆபீஸ், ரெண்டாவது மாடி இப்ப காலி, மூணாவது மாடி ஜிம். படிக்கட்டு ஒண்ணே ஒண்ணு தான், முன்பக்கம், நாலடி அகலம், லிஃப்ட்டைச் சுத்திக்கிட்டே மேல ஏறும். படிக்கு அடியில தான் ஈபி மீட்டர் போர்டு மொத்தமும் இருக்கு, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் வெச்சாங்க.

இப்ப ரெண்டாவது மாடிக்கு ஒரு நீட் கோச்சிங் சென்டர் கேக்குறாங்க. ஒரு நேரத்துல 110, 120 பசங்க இருப்பாங்களாம். அவங்க ரெண்டாவது படிக்கட்டு வேணும், ஃபயர் லைசன்ஸும் வேணும்னு சொல்லிட்டாங்க, அது நியாயம் தான். பின்பக்கம் பத்தடி செட்பேக், அதாவது கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல விட்ட காலி இடம் இருக்கு, அதுல ஏசி அவுட்டோர் யூனிட், ஜெனரேட்டர், செப்டிக் டேங்க் மூடி எல்லாம் இருக்கு. ஒரு ஃபேப்ரிகேஷன்காரர் வந்து பார்த்துட்டு மூலையில அஞ்சடி விட்டத்துல நடுக் கம்பத்தைச் சுத்தி ஏறுற ஸ்பைரல் படி போட்டுடலாம், இடமும் மிச்சம் செலவும் கம்மின்னாரு. இன்னொருத்தர் நேர் படி தான் போடணும், ஆனா இரும்புல போட்டா போதும்னாரு. என் தம்பி, கட்டி இத்தனை வருஷம் ஆச்சு ஒண்ணும் நடக்கலையே, எதுக்கு இப்ப செலவுங்கறான்.

எனக்கு பேப்பர்ல காட்டுறதுக்கு ஒரு படி வேணாம். பசங்க வந்து உக்காரப்போற இடம், நெஜமாவே இறங்கிப் போற மாதிரி இருக்கணும். ஸ்பைரலா நேரா, இரும்பா கான்கிரீட்டா, எவ்வளவு அகலம், எங்க கேட்டு அப்ரூவல் வாங்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முகப்பேர்_பில்டர்:

மேடம் ரொம்ப யோசிக்காதீங்க. ஆற்காடு ரோடு, அண்ணா நகர் பக்கம் பின்னாடி சந்துல போய்ப் பாருங்க, பாதி பில்டிங்ல ஸ்பைரல் தான் நிக்குது. வெளியில திறந்த வெளியில இருக்கிற இரும்புப் படிக்கு தீயில என்ன ஆகப்போகுது? போட்டுட்டு பெயின்ட் அடிச்சு, ஃபயர் எக்ஸிட்னு பச்சை போர்டு மாட்டுங்க. செலவு கம்மி, வாடகை சீக்கிரம் வர ஆரம்பிக்கும்.

கிண்டி_ஃபயர்கன்சல்டன்ட்:

முகப்பேர் சார், மன்னிக்கணும், நீங்க சொல்றதை நான் முழுசா மறுக்குறேன். பாதி பில்டிங்ல நிக்குதுங்கறது உண்மை தான், ஆனா அது ஃபயர் எஸ்கேப் கணக்குல வராது.

ராஜி மேடம், நம்ம நாட்டுல இதுக்கு அடிப்படை நேஷனல் பில்டிங் கோட் 2016, அதாவது தேசிய கட்டட விதித் தொகுப்பு, அதோட நாலாவது பகுதி முழுக்க தீ பாதுகாப்பு தான். அதுல ஸ்பைரல் படி பத்தி தெளிவா இருக்கு: ஆள் கம்மியா இருக்கிற இடத்துக்கும், 9 மீட்டருக்கு மேல போகாத கட்டடத்துக்கும் மட்டும் தான். விட்டம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. உங்க பில்டிங் 14 மீட்டருக்கு மேல இருக்கு, ஒரு மாடியில மட்டும் 120 பசங்க. ரெண்டு கணக்குலயும் அடிபட்டுப் போச்சு. விதியை விடுங்க, சாதாரணமா யோசிச்சுப் பாருங்க. ஸ்பைரல்ல நடுக் கம்பத்துப் பக்கம் கால் வைக்கவே இடம் இருக்காது, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தான் இறங்க முடியும், இருட்டுல புகையில ஒரு பொண்ணு துப்பட்டா மாட்டி நின்னுட்டா மேல இருக்கிற அத்தனை பேரும் அங்கயே நிக்கணும்.

அடுத்தது இரும்பு. பாதுகாப்பில்லாத வெறும் இரும்பு ஃபிரேம் படியை தப்பிக்கிற வழியா ஏத்துக்க மாட்டோம்னு அதே கோட்லயே இருக்கு. 2 மணி நேரம் தீ தாங்குற சுவருக்குள்ள இருக்கிற இரும்புப் படின்னா ஏத்துப்பாங்க. காரணம் இருக்கு. இரும்பு எரியாது, ஆனா சுமார் 550 டிகிரி சூட்டுல அதோட பலம் கிட்டத்தட்ட பாதியாயிடும். ஒரு ரூம் முழுசா பத்திக்கிட்டா அதுக்கு மேலயே சூடு போகும். வெளியில தானே இருக்குன்னு சார் கேக்குறாரு, ஜன்னல் கண்ணாடி வெடிச்ச உடனே தீ வெளிய வந்து மேல் பக்கமா தான் ஏறும், ஜன்னலை ஒட்டிப் படி இருந்தா அது அந்தத் தீக்குள்ள தான் நிக்கும். அதனால தான் வெளிப்படிக்குப் பக்கத்துல ஜன்னலோ வேற திறப்போ இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. உங்க பின் சுவர்ல எத்தனை ஜன்னல் இருக்குன்னு எண்ணிப் பாருங்க, பாத்ரூம் வென்டிலேட்டர் உட்பட.

அளவுக்கு வரேன். வெளிப்படின்னா நேர் படி, அகலம் குறைஞ்சது 1.25 மீட்டர், கால் வைக்கிற பலகை 25 சென்டிமீட்டர், ஒரு படி உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது, ஒரு வரிசையில 15 படிக்கு மேல கூடாது, சரிவு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, கைப்பிடி 1 மீட்டர்ல இருந்து 1.2 மீட்டர் உயரம். உங்க மாடி உயரத்துக்கு 19 படி வரும், நடுவுல ஒரு லேண்டிங், அதாவது நின்னு திரும்புற சமதளம் போட்டு ரெண்டு வரிசையா மடிச்சா, நீளம் கிட்டத்தட்ட 5 மீட்டர், அகலம் 2.7 மீட்டர். உங்க செட்பேக் 3 மீட்டர். அதாவது படியைப் போட்டா பின்பக்கமே அடைஞ்சுடும், இறங்கி வந்தவங்க எங்க போவாங்க? ஜெனரேட்டர் மேலயா? வெளிப்படி நேரா தரையில இறங்கி, அங்கிருந்து தடையில்லாம ரோட்டுக்குப் போற வழி இருக்கணும். பின் சந்துல காம்பவுண்ட் சுவர்ல முட்டி நிக்கிற படியால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

அதனால என் யோசனை வேற. பின் மூலையில பில்டிங்குக்குள்ளயே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, சுத்தி சுவர் எழுப்பி கான்கிரீட் படி போடுங்க. உள்படின்னா ஆபீஸ், கடை மாதிரி இடத்துக்கு அகலம் 1.5 மீட்டர், பலகை 30 சென்டிமீட்டர், உயரம் 15 சென்டிமீட்டர், ஒரு வரிசையில 12 படி. உங்க மாடி உயரத்துக்கு 24 படி வரும், 12 பிளஸ் 12, அழகா உக்காரும். சுவரோட சேர்த்து ஒரு மாடிக்கு சுமார் 250 சதுர அடி போகும். வாடகை இழப்பு தான், மறுக்கல. ஆனா இது தான் மழையிலயும் வழுக்காது, துருப்பிடிக்காது, தீயிலயும் நிக்கும். ஸ்லாப் வெட்டணும்ங்கறதால ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாம கை வைக்காதீங்க, பீம் எங்க ஓடுதுன்னு பார்த்துட்டு தான் இடமே முடிவு பண்ணணும்.

ஆனா மேடம், இதெல்லாத்துக்கும் முன்னாடி உங்க பழைய படியைப் பாருங்க. ஆள் கணக்குப்படி படிக்கட்டுல ஒருத்தருக்கு 10 மில்லிமீட்டர் அகலம், அப்ப நாலடிக்கு 120 பேர், பேப்பர்ல மட்டும் பார்த்தா சரியா வருது. ஆனா லிஃப்ட்டைச் சுத்திப் படி போடக் கூடாது, படிக்கட்டுக்குள்ள கரண்ட் ஷாஃப்ட்டோ கேஸ் பைப்போ போகக் கூடாது. உங்க மீட்டர் போர்டு படிக்கு அடியிலயே இருக்கு, அங்க ஷார்ட் சர்க்யூட் ஆச்சுன்னா மேல இருக்கிற மூணு மாடிக்கும் ஒரே வழி அந்தப் புகை தான். புதுப் படி கட்ட மாசக்கணக்கு ஆகும், மீட்டர் போர்டை மாத்துறதுக்கு இன்னைக்கே மின்வாரியத்துல எழுதிக் குடுங்க.

அம்பத்தூர்_ஃபேப்:

நான் ஃபேப்ரிகேஷன் தொழில் தான் பண்றேன், அதனால இரும்புக்கு எதிரா பேச மாட்டேன். ஆனா கன்சல்டன்ட் சார் சொன்னது சரி. என்கிட்டயும் மாசத்துக்கு சில பேர் ஸ்பைரல் கேட்டு வராங்க, மொட்டை மாடி டேங்க் பார்க்க, சின்ன கடையில பரண் ஏற அது சரி. கூட்டம் இறங்குறதுக்கு நான் செஞ்சு குடுக்குறதில்ல.

இரும்பு தான்னு முடிவு பண்ணி, சுத்தி 2 மணி நேர சுவரும் கட்டுறீங்கன்னா சில விஷயம் கவனிங்க, சென்னைக்கு இது ரொம்ப முக்கியம். கடல் காத்து வளசரவாக்கம் வரைக்கும் வருது, வெறும் ரெட் ஆக்ஸைடு அடிச்சு எனாமல் பெயின்ட் அடிச்ச படி நாலஞ்சு மழைக்காலத்துக்குள்ள வெல்டிங் ஜாயின்ட்ல துரு தள்ள ஆரம்பிச்சுடும். வெளிய பளபளன்னு இருக்கும், பைப்புக்குள்ள அரிச்சிருக்கும். ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கிற பூச்சு பண்ணுங்க, பீஸ் பீஸா செஞ்சு கால்வனைஸ் பண்ணிட்டு சைட்ல போல்ட் போட்டு முடுக்குற மாதிரி டிசைன் இருக்கணும். சைட்ல கொண்டுபோய் வெல்டிங் வெச்சா அந்த இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், அங்க இருந்து தான் துரு தொடங்கும்.

அடித்தட்டை தரையோட தரையா பதிக்கவே கூடாது. நம்ம ஊர்ல 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல்னு தண்ணி எங்கெல்லாம் நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். கான்கிரீட் மேடை ஒரு அடியாவது எழுப்பி அது மேல அந்த அடித்தட்டு உக்காரணும். நடக்குற பலகைக்கு செக்கர்டு பிளேட் (மேடு மேடா டிசைன் இருக்கிற இரும்புத் தகடு) போட்டா மழையில தண்ணி தேங்கி பாசி பிடிச்சு வழுக்கும், கம்பி வலை மாதிரி இடைவெளி இருக்கிற கிரேட்டிங் தான் நல்லது, தண்ணி கீழ இறங்கிடும். பாரம் தாங்குற கணக்கு கேளுங்க, கூட்டம் இறங்குற படிக்கு சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ தாங்குற மாதிரி டிசைன் பண்ணி இன்ஜினியர் கையெழுத்தோட டிராயிங் குடுக்கணும். கிலோவுக்கு இவ்வளவுன்னு மட்டும் கொட்டேஷன் குடுத்துட்டு டிராயிங் இல்லன்னு சொல்றவங்க யாரா இருந்தாலும் அனுப்பிடுங்க மேடம், அவங்களுக்கு லாபம் எடையை ஏத்துறதுலயோ குறைக்கிறதுலயோ தான் இருக்கும், படி தாங்குதாங்கறதுல இருக்காது.

ஓய்வு_தீயணைப்பு:

வணக்கம்மா. தீயணைப்புத் துறையில வேலை பார்த்து ஓய்வு வாங்கினவன் நான். உங்க தம்பிக்காகத் தான் இதை எழுதுறேன், ஒண்ணும் நடக்கலையேன்னு சொன்னாரில்ல.

கட்டடத் தீ விபத்துல பெரும்பாலான உயிர் தீயால போறதில்ல, புகையால போகுது. ஒரு படிக்கட்டு கதவில்லாம திறந்து கிடந்தா அது மொத்தமா ஒரு புகைக்கூண்டு தான், கீழ எரியறது ரெண்டு மூணு நிமிஷத்துல மேல் மாடியை நிரப்பிடும். மேல இருக்கிறவங்களுக்கு தீயே கண்ணுல படாது, வெறும் கறுப்புப் புகை தான் வரும். அப்ப ஜன்னலைத் தேடி ஓடுவாங்க. 2019 மே மாசம் சூரத்துல ஒரு கமர்ஷியல் காம்ப்ளெக்ஸ்ல மேல் மாடி கோச்சிங் சென்டர்ல 22 பிள்ளைங்க செத்தாங்களே, டிவியில எல்லாரும் பார்த்தோமே, மாடியில இருந்து குதிச்சாங்களே. அங்க மேல போக இருந்த மரப்படி எரிஞ்சுபோச்சு. 2022ல டெல்லி முண்ட்காவுல 27 பேர், இறங்க ஒரே வழி. 2010ல பெங்களூர்ல கார்ல்டன் டவர்ஸ்ல 9 பேர், படிக்கட்டு பூராவும் புகை, வெளிய போற வழி அடைஞ்சு கிடந்துச்சு. நம்ம ஊர்ல கும்பகோணத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம், 2004 ஜூலை 16, 94 குழந்தைங்க. 2024 டிசம்பர்ல திண்டுக்கல்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில தீப்பிடிச்சப்ப லிஃப்ட்டுக்குள்ள மயங்கிக் கிடந்தவங்களைத் தான் வெளிய எடுத்தாங்க. அந்த ஒவ்வொரு கட்டடத்துலயும் முதல் நாள் வரைக்கும் ஒண்ணும் நடக்கல, தம்பிக்கிட்ட இதைச் சொல்லுங்க.

நான் கண்ணால பார்த்த ஒரு விஷயம் சொல்றேன். பதட்டத்துல மனுஷன் புது வழியைத் தேட மாட்டான், வந்த வழியில தான் ஓடுவான். பின்னாடி எவ்வளவு நல்ல படி கட்டினாலும், வருஷம் முழுக்க பூட்டி வெச்சிருந்தா அன்னைக்கு ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க, எல்லாரும் முன்பக்கப் படியில தான் நெரிவாங்க. அதனால அந்தப் படியை தினமும் புழங்குற படியா ஆக்குங்க. கோச்சிங் பிள்ளைங்க கிளாஸ் முடிஞ்சு போறப்ப பின் படியில தான் இறங்கணும்னு சென்டர்காரங்ககிட்ட ஒப்பந்தத்துலயே எழுதுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது டிரில் வைங்க. ஏப்ரல் 14ல இருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம், 1944ல பம்பாய் துறைமுக வெடிவிபத்துல உயிர் விட்ட தீயணைப்பு வீரர்கள் நினைவா நாடு முழுக்க நடத்துறது. அந்த வாரத்துல பக்கத்து ஸ்டேஷன்ல போய் கேட்டீங்கன்னா நம்ம ஆளுங்க வந்து செஞ்சு காட்டுவாங்க, பிள்ளைங்களும் ஆர்வமா கத்துப்பாங்க.

இன்னொண்ணு, படியில சாமான். துணிக்கடைன்னு சொன்னீங்க. அட்டைப் பெட்டி, பாலிதீன் கட்டு, பழைய பொம்மை எல்லாம் பின்படிக்கு அடியில தான் வந்து சேரும், தீபாவளி நேரத்துல சொல்லவே வேணாம். அது இருந்தா அந்தப் படி இருந்தும் இல்லாத மாதிரி தான். கட்டுறதை விட காலியா வெச்சிருக்கிறது தான்மா கஷ்டம்.

முகப்பேர்_பில்டர்:

ஐயா, கன்சல்டன்ட் சார், ரெண்டு பேர் சொல்றதையும் படிச்சேன். கான்கிரீட் படி நல்லது தான், ஒத்துக்கிறேன். ஆனா 250 சதுர அடி இன்டு மூணு மாடி, கீழ கடைக்குள்ளயும் போகுது, சின்ன ஓனருங்க எப்படித் தாங்குவாங்க? அதையும் யோசிங்க. செலவைப் பார்த்து பயந்து எதுவுமே செய்யாம விட்டுடுவாங்க.

கிண்டி_ஃபயர்கன்சல்டன்ட்:

நியாயமான கேள்வி சார். என் பதில் இது தான்: இடம் விட முடியாதுன்னா வாடகைக்கு விடுற வகையை மாத்தணும். அந்த மாடியில 10 பேர் இருக்கிற ஆபீஸ் வந்தா நிலைமையே வேற, ஆபீஸுக்கு ஆள் கணக்கு ஒருத்தருக்கு 10 சதுர மீட்டர், இந்த அளவு மாடிக்கு சுமார் 22 பேர் தான் வருது. படிப்பு சொல்லிக்குடுக்கிற இடம்னா ஒருத்தருக்கு 4 சதுர மீட்டர், 55 பேர். இவங்க உக்கார வைக்கப்போறது 120! பில்டிங் கோட் கணக்கை விட ரெண்டு மடங்குக்கு மேல. அதிக வாடகை அந்த 120 பேரால தான் வருது, அப்ப அந்த 120 பேர் இறங்குறதுக்கான இடமும் அந்த வாடகையில இருந்து தான் போகணும். கோச்சிங் சென்டர் உள்ள வந்த நிமிஷமே கட்டடத்தோட பயன்பாடு மாறுது, பழைய அப்ரூவல்ல ஆபீஸ்னு இருக்கிறதை வெச்சு சமாளிக்க முடியாது.

ஆற்காடுரோடு_ராஜி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நிஜமாவே இவ்வளவு விவரமா சொல்வீங்கன்னு எதிர்பார்க்கல. தம்பியையும் படிக்க வெச்சேன், சூரத் பத்தி படிச்சதும் அமைதியாயிட்டான், அவன் பொண்ணும் பிளஸ் டூ தான் படிக்கிறா.

கான்கிரீட் உள்படின்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டோம். இப்ப ரெண்டு சந்தேகம். ஒண்ணு, துணிக்கடைக்காரர் பின்பக்கம் கதவு வந்தா சரக்கு திருடு போகும், நான் பூட்டிக்குவேன்னு சொல்றாரு. ஆடிட்டர் ஆபீஸ்ல கைரேகை வெச்சா தான் கதவு திறக்கும். இதுக்கு என்ன வழி? ரெண்டாவது, பேப்பர் வேலை எங்க ஆரம்பிக்கிறது?

கேகேநகர்_கணக்குவாத்தியார்:

கதவு விஷயத்துல நான் சொல்றேன் மேடம், நான் வேற ஒரு சென்டர்ல பாடம் எடுக்குறேன், இதை நாங்க அனுபவத்துல சரி பண்ணியிருக்கோம். பேனிக் பார்னு ஒரு குறுக்குக் கம்பி வரும், உள்ள இருந்து உடம்பால தள்ளினாலே திறந்துடும், சாவி தேவையில்ல, வெளிய இருந்து திறக்க முடியாது. அதோட சின்ன அலாரம் வெச்ச வகையும் கெடைக்குது, யாராவது திறந்தா சத்தம் போடும். கடைக்காரருக்கு திருட்டு பயமும் போகும், வழியும் திறந்தே இருக்கும்.

எங்க சென்டர்ல முதல்ல கதவு உள்பக்கமா இழுக்குற மாதிரி இருந்துச்சு, ஹவுஸ் ஓனர்கிட்ட பேசி வெளிப்பக்கமா திறக்க மாத்தினோம். 100 பேர் பின்னாடி இருந்து தள்ளினா உள்பக்கம் இழுக்குற கதவை யாராலயும் திறக்க முடியாது. அதே மாதிரி கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவுல, பெஞ்சு வரிசைக்கு நடுவுல எல்லாம் வழி விட்டு போடச் சொல்லுங்க, படிக்கட்டு வரைக்கும் போறதே கஷ்டமா இருந்தா எவ்வளவு நல்ல படி இருந்தும் லாபமில்ல. ஜன்னல் கம்பியையும் பாருங்க. முழுக்க மூடின கிரில் போட்டுட்டாங்கன்னா தீயணைப்பு ஆளுங்க ஏணி வெச்சும் உள்ள வர முடியாது, ஒரு பகுதியாவது திறக்குற மாதிரி இருக்கணும்.

மூணாவது மாடி ஜிம்ல பாட்டு சத்தமா வெப்பாங்க, பெல் அடிச்சா கேக்காது. அலாரம் அடிச்ச உடனே ஸ்பீக்கர் தானா ஆஃப் ஆகுற மாதிரி எலக்ட்ரீஷியனை வெச்சு இணைச்சுடுங்க.

கிண்டி_ஃபயர்கன்சல்டன்ட்:

வாத்தியார் சார் அருமையா சொல்லிட்டாரு. கதவு பத்தி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். ஒவ்வொரு மாடியிலயும் படிக்குள்ள போற கதவு 2 மணி நேரம் தீ தாங்குற கதவா இருக்கணும், சர்டிபிகேட்டும் கதவுல பதிச்ச தகடும் இருக்கான்னு பாருங்க, வெறும் இரும்புக் கதவை ஃபயர் டோர்னு விக்கிறவங்க இருக்காங்க. அகலம் குறைஞ்சது 1 மீட்டர், உயரம் 2 மீட்டர். தானா மூடிக்கிற க்ளோசர் வேணும். காத்து வரலன்னு கதவுக்கு அடியில செங்கல் வெச்சு திறந்து விடுவாங்க, தயவு செஞ்சு அதை மட்டும் அனுமதிக்காதீங்க, அந்தக் கதவு மூடியிருந்தா தான் படிக்குள்ள புகை வராது. கதவு நேரா படி மேல திறக்கக் கூடாது, முன்னாடி ஒரு லேண்டிங் இருக்கணும். கடைக்கு ரோலிங் ஷட்டரையோ தள்ளுற கண்ணாடிக் கதவையோ எக்ஸிட் கதவா கணக்குல எடுக்க முடியாது.

கைரேகை பூட்டு இருக்கலாம், ஆனா கரண்ட் போனாலோ ஃபயர் அலாரம் அடிச்சாலோ தானா விட்டுடுற மாதிரி இருக்கணும், உள்ள இருந்து கையால திறக்கிற பட்டனும் வேணும். படிக்குள்ள ஒவ்வொரு லேண்டிங்லயும் வெளிச் சுவர்ல 0.5 சதுர மீட்டர் திறப்பு விடுங்க, புகை நுழைஞ்சாலும் வெளிய போயிடும். கரண்ட் போனா தானா எரியுற எமர்ஜென்சி லைட், இருட்டுல மின்னுற அம்புக்குறி, மாடி நம்பர், எல்லாம் படி முழுக்க. மரப் பேனல், பிவிசி ஃபால்ஸ் சீலிங் எதுவும் படிக்குள்ள வேணாம்.

நடக்குற தூரமும் அளந்துக்கோங்க. மாடியில எந்த மூலையில நின்னாலும் 30 மீட்டருக்குள்ள ஒரு படி வந்துடணும். உங்க மாடி சின்னது, அதுல பிரச்சினை வராது. ஆனா ரெண்டு படியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரே புகையில ரெண்டும் போயிடும். முன் ஒண்ணு பின் ஒண்ணுங்கறது அதனால தான். இன்டீரியர் பண்றவங்க நடுவுல கேபின் கேபினா அடைச்சு பின்பக்கம் போற வழியை மூடிடாம பாருங்க.

பேப்பர் வேலை. முதல்ல பழைய அப்ரூவ்டு பிளானை எடுத்து வைங்க. கார்ப்பரேஷன்லயா, சிஎம்டிஏலயா (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), எங்க வாங்கினதுன்னு பார்த்து, அங்கயே மாத்தம் பண்ணின பிளானுக்கும் பயன்பாடு மாத்தத்துக்கும் ரிஜிஸ்டர் பண்ணின ஆர்க்கிடெக்ட் மூலமா விண்ணப்பம் போடுங்க. இங்க நடைமுறையில இருக்கிறது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, அதுல 18.30 மீட்டர் வரைக்கும் உயரமில்லாத கட்டடக் கணக்கு, நீங்க அதுக்குள்ள வரீங்க. ஃபயர் லைசன்ஸ் 1985 தீயணைப்புச் சட்டத்துக்குக் கீழ தீயணைப்புத் துறையில வாங்கணும். கட்டுறதுக்கு முன்னாடியே டிராயிங்கோட தீயணைப்புத் துறை மாவட்ட அதிகாரி ஆபீஸுக்குப் போய் அவங்க என்ன கேக்குறாங்கன்னு எழுத்துல வாங்கிடுங்க, கட்டி முடிச்சுட்டு இடிக்கிற நிலைமை வராது. ஒண்ணு மட்டும் கேக்குறேன், லைசன்ஸ் வாங்கித் தரேன் படி வேணாம்னு யாராவது ஏஜென்ட் வந்தா அவங்களை வாசல்லயே அனுப்பிடுங்க.

ஆற்காடுரோடு_ராஜி:

நன்றி சார், நன்றி வாத்தியார் சார், ஐயா உங்களுக்கும்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சனிக்கிழமை வந்து பார்த்தாரு. வடகிழக்கு மூலையில பீம் தொந்தரவு இல்ல, அங்க ஸ்லாப் வெட்டலாம்னு சொல்லியிருக்காரு, படி இறங்குற இடத்துல இருந்து பக்கவாட்டு செட்பேக் வழியா நேரா ரோட்டுக்கு வந்துடலாம். ஜெனரேட்டரை எதிர்ப் பக்கம் மாத்துறோம். மீட்டர் போர்டுக்கு மின்வாரியத்துல எழுதிக் குடுத்தாச்சு. கோச்சிங் சென்டர்காரங்ககிட்டயும் பேசிட்டேன், படி முடிஞ்சு லைசன்ஸ் வர வரைக்கும் கிளாஸ் தொடங்கக் கூடாது, ஒரு நேரத்துக்கு 55 பேருக்கு மேல கூடாதுன்னு சொன்னேன். பேட்ச் பேட்ச்சா பிரிச்சுக்குறோம், வாடகையைக் கொஞ்சம் குறைங்கன்னாங்க, சரின்னுட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மொட்டை மாடி வரைக்கும் இந்தப் படியைக் கொண்டுபோகணுமா, இல்ல மூணாவது மாடியோட நிறுத்திடலாமா?

ஓய்வு_தீயணைப்பு:

மொட்டை மாடி வரைக்கும் கொண்டுபோங்கம்மா. கீழ இறங்க முடியாத நிலைமை வந்தா மேல போய் காத்து வாங்கிக்கிட்டு நிக்க இடம் வேணும், எங்க ஆளுங்களுக்கும் மேல இருந்து உள்ள வர ஒரு வழி கெடைக்கும். மேல் கதவுக்கும் அந்தத் தள்ளுற கம்பியே போடுங்க, பூட்டு தொங்கவிடாதீங்க.